‘உடனே கடவுச்சொல்லை மாற்றுங்கள்’: கணக்குப் பாதுகாப்பின் பெயரால் நடந்த ஒரு திருட்டு – நிகழ்வு ஆய்வு

ஹிலாரி கிளிண்டனின் 2016 அதிபர் தேர்தல் பிரசாரக் குழுவுக்குத் தலைவராக இருந்த ஜான் பொடெஸ்டாவின் ஜிமெயில் கணக்கு, அதே ஆண்டு மார்ச் மாதத்தில் ஒரே ஒரு மடலால் பறிபோனது. இந்த நிகழ்வை அரசியல் வரலாறாகவே பலரும் பேசுகிறார்கள். ஆனால் அதன் நடுவில் இருப்பது, முகநூலோ இன்ஸ்டாகிராமோ வைத்திருக்கும் எவருக்கும் எந்த நாளும் நேரக்கூடிய மிகச் சாதாரணமான ஒரு செயல்: கடவுச்சொல்லை மாற்றச் சொல்லி வந்த அறிவிப்பைப் படித்துவிட்டு, அந்த அறிவிப்பிலேயே இருந்த பொத்தானை அழுத்தியது. மடலின் முழு வாசகமும், பொத்தானுக்குப் பின்னால் ஒளிந்திருந்த முகவரியும், அதைப் பற்றி அலுவலகத்துக்குள் நடந்த மடல் பரிமாற்றமும், பின்னர் தாக்கல் செய்யப்பட்ட குற்றப்பத்திரிகையும் பொதுவெளியில் இருக்கின்றன. ஒரு கணக்கு எந்த இடத்தில், எதனால் கைமாறுகிறது என்பதை இவ்வளவு கிட்டத்தில் நின்று பார்க்க இடம்தரும் நிகழ்வுகள் அரிது.

இந்த ஆய்வின் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வந்த அறிவிப்பு உண்மையானதா போலியானதா என்று கண்டுபிடிக்கும் திறமையை நம்பிக் கணக்கைக் காப்பாற்ற முடியாது. கடவுச்சொல் மாற்றத்தை யார் தொடங்கினார்கள், எந்த வழியாக உள்ளே போனார்கள் என்ற இரண்டு கேள்விகளே பெரும்பாலான சமயங்களில் விளைவைத் தீர்மானிக்கின்றன.

மடலும் அதன் முகவரியும்

2016 மார்ச் 19, சனிக்கிழமை அன்று வந்த அந்த மடலின் தலைப்பு, ‘யாரிடமோ உங்கள் கடவுச்சொல் இருக்கிறது’ என்பது. அனுப்பியவர் இடத்தில் கூகுளின் பெயரும், கூகுளுக்கே உரியது போன்ற முகவரியும் இருந்தன. பெயர் சொல்லி அழைத்த மடல், உங்கள் கடவுச்சொல்லைப் பயன்படுத்தி யாரோ சற்றுமுன் உள்நுழைய முயன்றார்கள் என்றது; நாள், மணி, நிமிடம், நொடி, ஐபி முகவரி (இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண்) ஆகியவற்றைத் தந்து, முயற்சி நடந்த இடம் உக்ரைன் என்றும் குறிப்பிட்டது. அந்த முயற்சியைக் கூகுள் தடுத்துவிட்டதாகவும், கடவுச்சொல்லை உடனே மாற்ற வேண்டும் என்றும் கூறி, ‘கடவுச்சொல்லை மாற்று’ என்ற பொத்தானோடு முடிந்தது.

இதில் பரிசு இல்லை, பண ஆசை இல்லை, கணக்கை முடக்கிவிடுவோம் என்ற மிரட்டலும் இல்லை. எழுத்துப் பிழைகளைத் தேடிப் போலியைக் கண்டுபிடியுங்கள் என்று காலங்காலமாகச் சொல்லப்படும் அறிவுரை இங்கே எதற்கும் பயன்படாது. மடல் முழுவதும் காவல்காரனின் குரலில் பேசுகிறது: ஆபத்து வந்தது, தடுத்துவிட்டோம், இனி நீங்கள் செய்ய வேண்டியது இது. பாதுகாப்பில் அக்கறையே இல்லாத ஒருவர் இதைப் படிக்காமலே விட்டிருப்பார். கொஞ்சமாவது கவலைப்படுகிறவர்தான் உடனே செயலில் இறங்குவார். அக்கறை உள்ளவரின் அக்கறையையே பிடிமானமாகக் கொள்வதால், இந்த வகை மோசடியை மற்ற எல்லா வகைகளையும்விடக் கொடியதாக நான் கருதுகிறேன்.

பொத்தானுக்குப் பின்னால் இருந்தது, நீண்ட முகவரிகளைச் சுருக்கித் தரும் பிட்லி சேவையின் ஒரு குறுஞ்சுட்டி. சுட்டியைப் பார்த்தால் அது எங்கே கொண்டுபோகும் என்று தெரியாது. அது விரிந்தபோது கிடைத்த முகவரியைத் தமிழ் எழுத்தில் எழுதினால் இப்படி இருக்கும்: மைஅக்கவுண்ட்.கூகுள்.காம்-செக்யூரிட்டிசெட்டிங்பேஜ்.டிகே. இந்த வரியைச் சற்று நின்று படிக்க வேண்டும், ஏனென்றால் திருட்டின் தொழில்நுட்பம் முழுவதும் இதில்தான் இருக்கிறது. ‘காம்’ என்பதற்குப் பிறகு வந்திருப்பது சாய்கோடு அல்ல, ஒரு சிறு கோடு. நம் கண் இடமிருந்து வலமாகப் படித்து, ‘மைஅக்கவுண்ட்.கூகுள்.காம்’ என்ற பழகிய பெயரைக் கண்டதும் நிம்மதியடைந்து நின்றுவிடுகிறது. தளம் யாருடையது என்பதைத் தீர்மானிப்பதோ வலப்பக்கம்: தொடக்கத்தில் இருக்கும் இணைய நெறிமுறைக் குறியைத் (https://) தாண்டி வரும் முதல் சாய்கோட்டுக்குச் சற்று முன்னால் இருக்கும் கடைசிப் பகுதிகளே உரிமையாளரைக் காட்டுகின்றன. இங்கே அந்தப் பகுதி ‘காம்-செக்யூரிட்டிசெட்டிங்பேஜ்.டிகே’. டிகே என்பது டோக்கிலாவ் தீவுக்கூட்டத்துக்கான குறியீடு. அந்தக் காலத்தில் அதன்கீழ் யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் பெயர் பதிய முடிந்தது. அப்படிப் பதிந்தவர், தன் பெயருக்கு முன்னால் ‘கூகுள்’ என்றோ ‘மைஅக்கவுண்ட்’ என்றோ எதை வேண்டுமானாலும் யாரையும் கேட்காமல் சேர்த்துக்கொள்ளலாம். கைபேசி உலாவியில் முகவரிப் பட்டை குறுகியதாக இருப்பதால், நீண்ட முகவரி முழுவதும் ஒரே பார்வையில் தெரிவதும் இல்லை.

முகவரியின் வால்பகுதியில், யாருக்கு அனுப்பப்பட்டதோ அவருடைய மின்னஞ்சலும் பெயரும் குறியாக்கம் செய்யப்பட்டு இணைக்கப்பட்டிருந்தன. எனவே திறக்கும் பக்கத்தில் அவருடைய விவரம் முன்கூட்டியே நிரம்பியிருக்கும். கடவுச்சொல் கட்டம் மட்டும் காலியாக இருக்கும். நம் பெயர் ஒரு பக்கத்தில் சரியாக இருப்பதை நம்பிக்கைக்கான சான்றாக எடுத்துக்கொள்வது எல்லோருக்கும் உள்ள பழக்கம். அந்தப் பழக்கத்துக்காகவே இந்தப் பக்கம் தைக்கப்பட்டிருந்தது. இதே முறையில் ஆயிரக்கணக்கான சுட்டிகள் உருவாக்கப்பட்டு வெவ்வேறு ஆட்களுக்கு அனுப்பப்பட்டன என்பதைச் செக்யூர்வொர்க்ஸ் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். தாக்கியவர்கள் தங்கள் பிட்லி கணக்கைப் பிறர் பார்க்கும்படி திறந்து வைத்திருந்ததே அதற்கு உதவியது.

உதவி மேசையின் பதில்

மடல் வந்ததும் பொடெஸ்டாவின் அலுவலகம் அவசரப்பட்டுப் பொத்தானை அழுத்திவிடவில்லை என்பதை நேர்மையாகப் பதிவு செய்ய வேண்டும். அவருடைய கணக்கைப் பார்க்கும் பொறுப்பிலிருந்தவர்கள், செய்ய வேண்டியதைச் செய்தார்கள்: மடலைப் பிரசாரக் குழுவின் கணினி உதவி மேசைக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டார்கள். அங்கிருந்து வந்த பதில், இது உண்மையான மடல்தான், ஜான் உடனே கடவுச்சொல்லை மாற்ற வேண்டும், இரண்டடுக்குச் சரிபார்ப்பு (கடவுச்சொல்லோடு, கைபேசிக்கு வரும் குறியீடு போன்ற இரண்டாவது சான்றையும் கேட்கும் முறை) இயங்குகிறதா என்றும் உறுதிசெய்ய வேண்டும் என்றது. அதோடு, இவ்விரண்டையும் செய்வதற்கான கூகுளின் உண்மையான முகவரியையும் பதிலில் எழுதியிருந்தார் அந்தப் பணியாளர். மடல் போலி என்றே எழுத நினைத்ததாகவும், சொல் தவறி விழுந்துவிட்டதாகவும் அவர் பின்னாளில் விளக்கினார்.

உலகம் முழுவதும் இந்த நிகழ்வைப் பற்றிய பேச்சு அந்த ஒரு சொல்லோடு நின்றுவிட்டது. ஒரு தட்டச்சுப் பிழையால் வரலாறு மாறியது என்ற கதை கேட்பதற்குச் சுவையானது. நான் அதை ஏற்கவில்லை. பதிலில் இருந்த மதிப்பீடு தவறு, ஆனால் அதில் இருந்த வழிகாட்டல் சரி. மடல் உண்மை என்று நம்பிக்கொண்டே, பதிலில் எழுதப்பட்டிருந்த கூகுள் முகவரிக்குப் போய்க் கடவுச்சொல்லை மாற்றியிருந்தால், திருடர்களுக்கு எதுவும் கிடைத்திருக்காது. மாறாக, மடல் போலி என்று சரியாக எழுதிவிட்டு, ‘இருந்தாலும் உடனே கடவுச்சொல்லை மாற்றுங்கள்’ என்று மட்டும் சொல்லியிருந்தால், அவசரத்தில் இருப்பவர் கைக்கெட்டிய பொத்தானையே தேடியிருப்பார். நடந்ததும் அதுதான். பதில், மோசடி மடலுக்கு மேலேயே ஒரே தொடராக எழுதப்பட்டிருந்தது. மேலே நீண்ட எழுத்து வரியாக உண்மையான முகவரி. கீழே ‘கடவுச்சொல்லை மாற்று’ என்ற போலிப் பொத்தான். இரண்டும் ஒரே திரையில். அழுத்தப்பட்டது கீழே இருந்தது.

அலுவலகங்களிலும் குழுக்களிலும் தொழில்நுட்ப உதவி செய்பவர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய நடைமுறை மிகத் தெளிவானது. சந்தேக மடல் ஒன்றைப் பற்றி யாராவது கேட்டால், அந்த மடலின் தொடரிலேயே பதில் எழுதக் கூடாது. புதிய மடலோ தொலைபேசி அழைப்போதான் சரி. கேட்டவரிடம் முதலில் சொல்ல வேண்டியது அந்த மடலில் உள்ள எதையும் தொடாதீர்கள் என்பதே. உண்மையா போலியா என்ற தீர்ப்பை அதற்குப் பிறகு சொன்னாலும் போதும். வீட்டில் பெரியவர்களுக்கோ நண்பர்களுக்கோ உதவும்போதும் இதே வரிசை பொருந்தும். அவர்கள் அனுப்பும் சந்தேகச் செய்தியை, ‘இதைப் பார், மோசடி’ என்று மற்றவர்களுக்கு அப்படியே முன்னனுப்புகிறவர், அபாயமான சுட்டியையும் உயிரோடு முன்னனுப்புகிறார். எச்சரிக்க வேண்டுமானால் திரைப்பிடிப்பை அனுப்புவதே சரி.

அஞ்சல் பெட்டியிலிருந்து சமூக ஊடகத்துக்கு

2018 ஜூலை 13 அன்று அமெரிக்க நீதித்துறை, ரஷ்ய ராணுவ உளவுத்துறையைச் சேர்ந்த 12 அதிகாரிகள் மீது குற்றம் சாட்டியது. அந்தக் குற்றப்பத்திரிகையின்படி, மடல் வந்து ஓரிரு நாள்களுக்குள், மார்ச் 21 வாக்கில், பொடெஸ்டாவின் கணக்கிலிருந்து 50,000-க்கும் மேற்பட்ட மடல்கள் திருடப்பட்டுவிட்டன. அக்டோபர் 7 முதல், ரகசிய ஆவணங்களை வெளியிடும் விக்கிலீக்ஸ் தளம் அவற்றைத் தவணை தவணையாக வெளியிட்டது. வெளியான மடல்களுள் ஒன்றில் அவருடைய ஆப்பிள் கணக்கின் கடவுச்சொல் அப்படியே எழுதப்பட்டிருந்தது. அதே மாதம் 12-ஆம் நாள் அவருடைய ட்விட்டர் கணக்கும் பிறர் கைக்குப் போய், எதிரணி வேட்பாளருக்கு வாக்களிக்கச் சொல்லும் பதிவு அதிலிருந்து வெளிவந்தது.

மின்னஞ்சல் கணக்கை ‘இன்னொரு கணக்கு’ என்று எண்ணுவது எவ்வளவு தவறு என்பதை இந்தத் தொடர் காட்டுகிறது. பெரும்பாலான சமூக ஊடகங்களில் ‘கடவுச்சொல் மறந்துவிட்டதா’ என்பதை அழுத்தினால், மாற்றுச் சுட்டி போய்ச் சேரும் இடம் அஞ்சல் பெட்டிதான். அதற்குள் நுழைந்த அந்நியர், முகநூலுக்கும் இன்ஸ்டாகிராமுக்கும் தனித்தனியாக மோசடி செய்ய வேண்டியதே இல்லை. ஒவ்வொரு தளத்திலும் அந்தப் பொத்தானை அழுத்திவிட்டு வரும் சுட்டியை எடுத்துக்கொண்டால் போதும். பழைய மடல்களில் ‘கடவுச்சொல்’ என்று தேடினாலே வேறு சில கணக்குகளும் அகப்படும். இணையர், பிள்ளைகள், உதவியாளர் என்று யாருக்காவது கடவுச்சொல்லை மடலில் எழுதி அனுப்பியிருக்கிறவர்கள் எத்தனையோ பேர். அந்த மடல்களைத் தேடி அழித்துவிட்டு, அவற்றில் இருந்த கடவுச்சொற்களை மாற்றிவிடுவது ஒரு மாலைப்பொழுதில் முடியும் வேலை.

இந்த இணைப்புச் சங்கிலியை எதிர்த்திசையில் காட்டிய நிகழ்வு ஒன்று 2012 ஆகஸ்டில் நடந்தது. வயர்ட் இதழின் செய்தியாளர் மேட் ஹோனனின் மூன்று எழுத்து ட்விட்டர் பெயரின்மீது ஆசைப்பட்டவர்கள், அவர் எந்தப் போலிச் சுட்டியையும் அழுத்தாமலே அவருடைய கணக்குகளைப் பறித்தார்கள். அமேசான் வாடிக்கையாளர் சேவையை அழைத்து, அவருடைய கணக்கில் நுழைந்து, கடன் அட்டையின் கடைசி 4 இலக்கங்களைப் பார்த்துக்கொண்டார்கள். அதே 4 இலக்கங்களையும் முகவரியையும் ஆப்பிள் சேவை மையம் அடையாளச் சான்றாக ஏற்றுக்கொண்டது. அந்த ஆப்பிள் அஞ்சல்தான் அவருடைய ஜிமெயிலின் மீட்பு முகவரி. அந்த ஜிமெயில்தான் ட்விட்டருக்கான முகவரி. போகிற வழியில் அவருடைய கைபேசி, கைக்கணினி, மடிக்கணினி மூன்றையும் தொலைவிலிருந்தே அழித்தார்கள். ஒரு நிறுவனம் திரையில் காட்டத் தயங்காத இலக்கங்களை மற்றொன்று ரகசியமாகக் கருதியது. மீட்பு மின்னஞ்சல், மீட்பு எண் என்று நாம் எதைப் பதிந்து வைத்திருக்கிறோமோ, அதன் பாதுகாப்பு எவ்வளவோ அவ்வளவுதான் முதன்மைக் கணக்கின் பாதுகாப்பும் என்பதை, பல ஆண்டுகளுக்கு முன் திறந்து பின் கைவிட்ட ஓர் அஞ்சல் முகவரியை இன்னும் மீட்பு முகவரியாக வைத்திருப்பவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

குறியீடும் காப்பாற்றாத இடம்

பொடெஸ்டா நிகழ்வைப் படிக்கிறவர்கள் உடனே கேட்பது, இரண்டடுக்குச் சரிபார்ப்பு இருந்திருந்தால் தப்பியிருக்கலாமே என்பது. கடவுச்சொல்லை மட்டும் வாங்கிக்கொள்ளும் அந்தப் போலிப் பக்கத்தைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் 2020 ஜூலை 15 அன்று ட்விட்டருக்கு நேர்ந்தது அந்தப் பதிலை முழுமையற்றதாக்குகிறது. நியூயார்க் மாநில நிதிச் சேவைகள் துறை அதே ஆண்டு அக்டோபரில் வெளியிட்ட அறிக்கையின்படி, தாக்கியவர்கள் ட்விட்டர் பணியாளர்கள் பலரைத் தொலைபேசியில் அழைத்து, நிறுவனத்தின் கணினி உதவிப் பிரிவிலிருந்து பேசுவதாகவும், விபிஎன் (வெளியிலிருந்து நிறுவனத்தின் வலையமைப்புக்குள் நுழைய உதவும் இணைப்பு) கோளாறு பற்றிய புகாரின் பேரில் அழைப்பதாகவும் கூறினார்கள். பெருந்தொற்றுக் காலத்தில் எல்லோரும் வீட்டிலிருந்து வேலை செய்ததால் அந்தக் கோளாறு உண்மையிலேயே அடிக்கடி நேர்ந்துகொண்டிருந்தது. பணியாளர்கள் போலிப் பக்கத்தில் தட்டச்சு செய்யச் செய்ய, மறுமுனையில் இருந்தவர்கள் அதை அதே நேரத்தில் உண்மையான பக்கத்தில் உள்ளிட்டார்கள். உண்மையான பக்கம் இரண்டாம் சரிபார்ப்பைக் கேட்டது. பணியாளர்களில் சிலர் அதற்கும் ஒப்புதல் தந்தார்கள்.

உள்ளே நுழைந்தவர்கள் 130 கணக்குகளைக் குறிவைத்து, 45 கணக்குகளின் கடவுச்சொல்லை மாற்றிப் பதிவிட்டார்கள். பராக் ஒபாமா, ஜோ பைடன், பில் கேட்ஸ், எலான் மஸ்க் ஆகியோரின் கணக்குகளிலிருந்து, பிட்காயின் அனுப்பினால் இருமடங்காகத் திரும்பக் கிடைக்கும் என்ற பதிவுகள் வெளிவந்தன. ஏமாந்தவர்களிடமிருந்து 1,18,000 டாலருக்கும் மேல் போனது. இதற்கு மூளையாக இருந்தவருக்கு அப்போது வயது 17.

இங்கும் மையத்தில் இருப்பது கடவுச்சொல் மாற்றமே. இங்கும் பாதுகாப்புக்கும் உதவிக்கும் உரிய ஆள் பேசுவது போன்ற குரலே. வேறுபாடு, இரண்டாம் அடுக்கும் மனிதரைக் கேட்டே திறந்தது என்பது. குறுஞ்செய்தியில் வரும் ஆறு இலக்கமும், செயலியில் தோன்றும் ஆறு இலக்கமும், நாம் கண்ணால் படித்து விரலால் தட்டக்கூடியவை. அப்படித் தட்டக்கூடிய எதையும் தவறான பக்கத்திலும் தட்டிவிட முடியும். இதனால் இரண்டடுக்குச் சரிபார்ப்பு வீண் என்று சொல்ல வரவில்லை. பழைய கசிவுகளிலிருந்து எடுத்த கடவுச்சொற்களை வரிசையாக முயன்று பார்ப்பவர்களை அது நிறுத்திவிடுகிறது. அதை வைத்துக்கொள்ளாத கணக்கு திறந்த கதவுதான். ஆனால் நம்மை நேரில் குறிவைப்பவரை நிறுத்த வேறொன்று தேவை.

அந்த வேறொன்று பாஸ்கீயும் (கடவுச்சொல்லுக்குப் பதிலாகக் கைபேசியிலோ கணினியிலோ சேமிக்கப்படும் மின்னணுச் சாவி) பாதுகாப்புச் சாவியும் (கணினியோடோ கைபேசியோடோ இணைக்கும் சிறு கருவி). இவை உலாவி காட்டும் தளத்தின் பெயரோடு கணித முறையில் கட்டப்பட்டவை. தளத்தின் பெயர் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் சாவி பதில் தராது. ‘காம்’ என்பதற்குப் பின் சாய்கோடா சிறு கோடா என்று நம் கண் பார்க்க வேண்டிய வேலையை அதுவே செய்துவிடுகிறது. தன் பணியாளர்கள் 85,000 பேருக்கும் மேல் பாதுகாப்புச் சாவியைக் கட்டாயமாக்கிய 2017 தொடக்கத்துக்குப் பிறகு, பணிக் கணக்கு ஒன்றுகூட இவ்வகை மோசடியால் பறிபோனதாகத் தெரியவரவில்லை என்று கூகுள் 2018-இல் அறிவித்தது. பாஸ்கீ இன்று தனிநபர் கணக்குகளுக்கும் கிடைக்கிறது; குறைந்தது மின்னஞ்சல் கணக்குக்காவது இன்றே அமைத்துக்கொள்ளத் தக்கது. கடவுச்சொல் மேலாளரும் இதன் ஒரு பகுதிப் பயனைத் தருகிறது. சேமித்த தளத்தில் கடவுச்சொல்லைத் தானாக நிரப்பும் மேலாளர், ஒரு நாள் அதே போன்ற பக்கத்தில் நிரப்ப மறுத்தால், மேலாளர் பழுதாகிவிட்டது என்று எண்ணிக் கையால் தட்டச்சு செய்யாமல், முகவரியைப் பார்க்க வேண்டும்.

மீட்பு எங்கே தொடங்க வேண்டும்

கடவுச்சொல்லை மறந்துவிட்டவருக்கு நீண்ட அறிவுரை தேவையில்லை. தன் கைபேசியில் ஏற்கெனவே இருக்கும் செயலியைத் திறந்தோ, உலாவியில் தளத்தின் பெயரைத் தானே தட்டச்சு செய்தோ, ‘மறந்துவிட்டது’ என்பதை அழுத்த வேண்டும். தேடுபொறியில் ‘கணக்கு மீட்பு உதவி எண்’ என்று தேடக் கூடாது. அங்கே விளம்பரமாக வரும் எண்களில் மோசடி எண்களும் கலந்திருக்கின்றன. தானே கேட்டு, கேட்ட ஓரிரு நிமிடங்களுக்குள் வரும் மாற்றுச் சுட்டியை நம்பலாம். கேட்காமல் வந்ததை அழுத்தக் கூடாது.

கேட்காமலே மாற்றுக் குறியீடு வந்தால், யாரோ உங்கள் பயனர்பெயரை உள்ளிட்டு ‘மறந்துவிட்டது’ என்பதை அழுத்தியிருக்கிறார்கள் என்பதுதான் பொருள். அதனால் மட்டும் கணக்கு போய்விடாது. குறியீடு உங்களிடம் இருக்கும்வரை அவரால் நகர முடியாது. ஆகவே அடுத்து அவர் செய்யக்கூடியது உங்களிடமிருந்து அதைக் கேட்டு வாங்குவதே. நன்கு தெரிந்த நண்பரின் எண்ணிலிருந்து, ‘என் குறியீடு தவறுதலாக உனக்கு வந்துவிட்டது, அனுப்பு’ என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்தி இந்த வகைதான். அந்த நண்பரின் கணக்கு ஏற்கெனவே பறிபோயிருக்கிறது, அடுத்த வரிசையில் நீங்கள் இருக்கிறீர்கள். எந்த நிறுவனத்தின் பணியாளரும், எந்த நண்பரும் கேட்கத் தேவையில்லாத ஒன்று அந்தக் குறியீடு.

எச்சரிக்கை மடல் உண்மைதானா என்று அறிய விரும்பினால், மடலை ஆராய்வதைவிட எளிய வழி உண்டு. இன்ஸ்டாகிராம், கடந்த சில நாள்களில் தான் அனுப்பிய பாதுகாப்பு மடல்களின் பட்டியலைச் செயலியின் அமைப்புகளுக்குள்ளேயே காட்டுகிறது. முகநூலிலும் இதுபோன்ற பட்டியல் இருக்கிறது. அந்தப் பட்டியலில் இல்லாத மடல் போலி. கூகுள் கணக்கிலும் பாதுகாப்புப் பக்கத்துக்கு நேராகப் போனால், அண்மையில் நடந்த உள்நுழைவுகளும் எச்சரிக்கைகளும் அங்கே இருக்கும். 2016-இல் அந்த அலுவலகத்தில் யாராவது பொடெஸ்டாவின் ஜிமெயிலைத் திறந்து, அதன் பாதுகாப்புப் பக்கத்தை மட்டும் பார்த்திருந்தால், மடலில் சொல்லப்பட்ட உக்ரைன் முயற்சி அங்கே இருக்கிறதா என்பது தெரிந்துபோயிருக்கும்.

கணக்கு உண்மையிலேயே பறிபோயிருந்தால் வரிசை முக்கியம். பலரும் பதற்றத்தில் முதலில் முகநூலையோ இன்ஸ்டாகிராமையோ மீட்க ஓடுகிறார்கள். அஞ்சல் பெட்டி இன்னும் திருடர் கையில் இருந்தால், மீட்ட கணக்கு மறுபடி போய்விடும். எனவே முதலில் மின்னஞ்சல். வழக்கமாகப் பயன்படுத்தும் அதே கருவியிலிருந்து, வழக்கமான இடத்திலிருந்து முயல வேண்டும். பழகிய கருவியையும் இடத்தையும் கூகுளின் மீட்பு முறை உரிமையாளருக்கான அடையாளமாகக் கணக்கில் கொள்கிறது. புதிய கைபேசியை இரவல் வாங்கி வெளியூரிலிருந்து முயல்பவருக்குக் கதவு திறப்பது கடினம். திருடர் மீட்பு எண்ணையோ முகவரியையோ மாற்றியிருந்தாலும், 7 நாள்கள் வரை பழைய எண்ணிலேயே குறியீடு பெறும் வாய்ப்பைக் கூகுள் தரக்கூடும்; ஆகவே நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடக் கூடாது.

மின்னஞ்சல் கைக்கு வந்த பின், கடவுச்சொல்லை மாற்றுவதோடு நின்றுவிடுகிறவர்கள் அதிகம். பிற கருவிகளில் திறந்திருக்கும் எல்லா அமர்வுகளையும் வெளியேற்ற வேண்டும். மீட்பு எண்ணும் மீட்பு முகவரியும் தம்முடையவைதானா என்று பார்க்க வேண்டும். அதைவிட எளிதில் தப்பிவிடுவது, தானாக முன்னனுப்பும் ஏற்பாடும் வடிகட்டிகளும். வரும் ஒவ்வொரு மடலின் நகலும் வேறொரு முகவரிக்குப் போகும்படி திருடர் அமைத்துவிட்டுப் போயிருந்தால், கடவுச்சொல்லை எத்தனை முறை மாற்றினாலும் அடுத்த மாற்றுச் சுட்டி அவருக்கும் போய்ச் சேரும். சமூக ஊடகத்திலிருந்து வரும் எச்சரிக்கைகளை மட்டும் குப்பைக்கு அனுப்பும் வடிகட்டி இருந்தால், அடுத்த திருட்டு உங்களுக்குத் தெரியவே வராது.

பிறகு சமூக ஊடகம். முகநூலுக்கும் இன்ஸ்டாகிராமுக்கும், அவற்றின் தள முகவரிக்குப் பின் ஒரு சாய்கோடும் ‘ஹேக்டு’ என்ற ஆங்கிலச் சொல்லும் சேர்த்தால் வரும் மீட்புப் பக்கங்கள் இருக்கின்றன. அவற்றைத் தாமே தட்டச்சு செய்து திறக்கலாம். இன்ஸ்டாகிராமில் மின்னஞ்சல் முகவரி மாற்றப்பட்டால், பழைய முகவரிக்கு அதைத் தெரிவித்து, மாற்றத்தைத் திரும்பப்பெற வழிதரும் மடல் வருகிறது. கணக்கை இழந்து பூட்டப்பட்டவருக்குச் செயலிக்குள் இருக்கும் மடல் பட்டியல் எட்டாது என்பதால், இந்த ஓர் இடத்தில் மட்டும் வந்த மடலையே பயன்படுத்தும் தேவை நேரலாம். அப்போது, சுட்டி திறக்கும் பக்கத்தின் முகவரியை வலப்பக்கத்திலிருந்து படித்துப் பார்த்துவிட்டே எதையும் உள்ளிட வேண்டும். ஐயம் இருந்தால் மீட்புப் பக்கத்திலிருந்தே தொடங்கலாம். உரிமையாளரின் படங்கள் உள்ள கணக்காக இருந்தால், முகத்தைப் பல பக்கமும் திருப்பிக் காட்டும் காணொளியை இன்ஸ்டாகிராம் கேட்கக்கூடும். முதல் முறை நிராகரிக்கப்பட்டால் நல்ல வெளிச்சத்தில் எடுத்து மீண்டும் அனுப்பலாம்.

வாட்ஸ்அப் வழி சற்று வேறு. உங்கள் எண்ணை மறுபடி பதிவு செய்து, குறுஞ்செய்தியில் வரும் ஆறு இலக்கத்தை உள்ளிட்டதுமே திருடர் வெளியேற்றப்படுகிறார். அவர் இடையில் இரண்டடுக்குச் சரிபார்ப்புக்கான பின் (PIN) எண் ஒன்றை அமைத்துவிட்டிருந்தால், அது தெரியாமல் நீங்கள் உள்ளே போக 7 நாள்கள் காத்திருக்க வேண்டும். அந்த நாள்களில் அவராலும் உங்கள் பெயரில் பேச முடியாது என்பதைத் தெரிந்துகொண்டால் பதற்றம் குறையும். அந்தப் பின் எண்ணை முன்கூட்டியே நீங்களே அமைத்து, மீட்பு மின்னஞ்சலையும் பதிந்துவிட்டால் இந்தக் காத்திருப்பே நேராது.

மீட்பு நடந்துகொண்டிருக்கும்போதே, தொலைபேசியிலோ வேறொரு கணக்கிலிருந்தோ நெருங்கியவர்களுக்குச் செய்தி சொல்லிவிட வேண்டும். பறிபோன கணக்கிலிருந்து முதலில் போவது பண உதவி கேட்கும் செய்தியோ, அடுத்தவரின் குறியீட்டைக் கேட்கும் செய்தியோதான். உங்களை நம்பி அதற்குப் பதில் சொல்கிறவருக்கு நேரும் இழப்பு உங்கள் இழப்பைவிடப் பெரிதாக இருக்கலாம்.

கணக்கு போய்விட்டது என்று பொதுவெளியில் எழுதுகிறவரை நோக்கி, நிமிடங்களில் இன்னொரு கூட்டம் வந்து சேர்கிறது. ‘என் கணக்கை இவர்தான் மீட்டுத் தந்தார்’ என்று ஒரு பயனர்பெயரைச் சுட்டும் பின்னூட்டங்கள், நிறுவனத்தின் பணியாளர் என்று சொல்லிக்கொண்டு தனிச்செய்தியில் வருபவர்கள், முன்பணம் கேட்கும் ‘நிபுணர்கள்’ என்று அதற்குப் பல முகங்கள். இவர்களிடம் எந்தச் சாவியும் இல்லை. பணத்தை வாங்கிக்கொண்டு மறைபவர்கள் ஒருபுறம். அடையாள அட்டையின் படத்தையும், மின்னஞ்சலுக்கு வரும் குறியீட்டையும் வாங்கிக்கொண்டு எஞ்சியிருந்த கணக்குகளையும் எடுத்துக்கொள்பவர்கள் மறுபுறம். ஏற்கெனவே நொந்திருப்பவரை மறுபடி கொள்ளையடிக்கும் இந்த வேலையைக் கண்டால் அந்தக் கணக்குகளைத் தளத்திடம் புகார் செய்துவிட்டு, பதில் எதுவும் எழுதாமல் நகர்ந்துவிடுவது நல்லது. நிறுவனத்தின் மீட்புப் படிவத்தில் விண்ணப்பித்துவிட்டவர், அதற்கான பதில் வரும்வரை, கணக்கைப் பற்றிப் பேச வரும் அழைப்பையும் தனிச்செய்தியையும் அந்த விண்ணப்பத்தோடு தொடர்பில்லாதவையாகவே கருத வேண்டும்.